ஏழு நூல்களும் ஒரு தலைப்பாகையும்

கதை நூல்களைத் திரைப்படமாக்குவோருக்கு இரண்டு நாக்குகள் உண்டு. நூலில் இல்லாததைப் படத்தில் நுழைக்கும்போது, திரைப்படம் தனிக் கலை, நூலுக்கு அது அடிமையன்று என்று ஒரு நாக்குப் பேசும். நூலில் உள்ள இழிவைப் படத்தில் ஏற்றும்போது, மூல ஆசிரியர் எழுதியதை மாற்றுவதற்கு நாங்கள் யார் என்று மற்றொரு நாக்குப் பணிவு காட்டும். இவ்விரண்டும் ஒரே வாயில் இருந்து வருவதை எவரும் கேட்பதில்லை. நாம் கேட்க விரும்புகிறோம். கேட்பதற்கு எடுத்துக்கொண்ட பொருள், ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் பெரும் புகழ் பெற்ற நார்னியா நூல் வரிசையும் அதன் திரைப்படங்களும்.

எங்கோ ஓர் ஆங்கிலேயர் எழுதிய மாயக் கதையைப் பற்றி நமக்கென்ன கவலை என்பார் சிலர். அவர்கள் தம் வீட்டுப் பிள்ளைகளின் புத்தகப் பையைத் திறந்து பார்க்கட்டும். படங்களோ அழைக்காமலே வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுகின்றன. பத்து வயதுப் பிள்ளை ஒரு கதைக்குள் புகுந்தால் தன்னை எந்தப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளும்? வெல்லும் பக்கத்தில்தான். அங்கே நின்றபடி எதிரே நோக்கும்போது, தன் பாட்டனாரைப் போலத் தலைப்பாகை கட்டித் தாடி வளர்த்த கருத்த முகத்தினன் ஒருவன் வளைந்த வாளை ஓங்கி நிற்கக் கண்டால், அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் என்ன நிகழும்?

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1898இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இலக்கியம் கற்பித்து, 1963இல் மறைந்தவர் சி. எஸ். லூயிஸ். அவர் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு நூல்களை வெளியிட்டார். பழைய உடை அலமாரி ஒன்றின் வழியாகக் குழந்தைகள் நார்னியா என்னும் நாட்டுக்குள் நுழைகிறார்கள்; அங்கே விலங்குகள் பேசுகின்றன; அஸ்லான் என்னும் சிங்கம் அந்நாட்டின் உயிர். அச்சிங்கத்துக்கு லூயிஸ் தம் கிறிஸ்தவ நம்பிக்கையின் சாயலைக் கொடுத்தார் என்பது எல்லோரும் அறிந்ததே. ஒருவர் தம் நம்பிக்கையிலிருந்து கதை செய்வதை நாம் குறை கூறமாட்டோம். சீறாப்புராணத்தைத் தந்த உமறுப் புலவரும் தம் நம்பிக்கையிலிருந்தே பாடினார்.

ஆனால் அந்தச் சிங்கத்தின் பெயர் எங்கிருந்து வந்தது? அஸ்லான் என்பது துருக்கிச் சொல். துருக்கியில் சிங்கத்தை அவ்வாறே அழைப்பார்கள். ஆயிரத்தோர் இரவுகள் கதைகளை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப்படுத்திய எட்வர்டு லேன் எழுதிய குறிப்புகளில் அப்பெயரைக் கண்டெடுத்ததாக லூயிஸே ஒரு மடலில் கூறியிருக்கிறார். ஹைதர் என்றும் அசத் என்றும் சிங்கத்தின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் சமுதாயம் நம்முடையது. துருக்கியரின் பெயராலேயே துலுக்கர் என்று ஊரார் நம்மை அழைத்த காலமும் உண்டு. நார்னியாவின் உயிராகிய சிங்கத்துக்குப் பெயர் கொடுத்தது கிழக்கு. அதே கிழக்கின் உடை, அந்தக் கதையில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்.

நார்னியாவுக்குத் தெற்கே, பாலைவனத்துக்கு அப்பால், கலோர்மென் என்னும் பேரரசு இருக்கிறது. தலைநகர் தாஷ்பான். அரசருக்குத் திஸ்ரோக் என்பது பட்டம். அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவர் என்றென்றும் வாழ்க என்று கூட்டியே சொல்ல வேண்டும். பிரபுக்கள் தார்கான் எனப்படுவர். கருத்த முகம், நீண்ட அங்கி, தலைப்பாகை, வளைந்த வாள், அடிமைச் சந்தை, பழமொழியை அடுக்கிப் பேசும் பேச்சு எல்லாம் அங்கே உண்டு. நூல்களுக்குப் படம் வரைந்த பாலின் பேய்ன்ஸ் அம்மையாரும் கும்மட்டங்களையும் தலைப்பாகைகளையும் அழகாகவே தீட்டினார். ஐந்தாவதாக வெளிவந்த 'குதிரையும் அதன் சிறுவனும்' என்ற நூல் முழுவதும் இந்த நாட்டைச் சுற்றியே நடக்கிறது. கடைசி நூலாகிய 'இறுதிப் போர்' இந்த நாட்டார் நார்னியாவைக் கைப்பற்றுவதைக் கூறுகிறது. அதில் வரும் குள்ளர்கள் கலோர்மென் மக்களை அவர்கள் நிறத்தைப் பழிக்கும் சொல்லாலேயே அழைக்கிறார்கள்.

இந்த நாட்டாரின் சமயம் நம் சமயம் அன்று என்பதை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். கலோர்மென் மக்கள் தாஷ் என்னும் கழுகுத் தலையும் நான்கு கைகளும் கொண்ட ஓர் உருவத்தை வணங்குகிறார்கள். அதற்கு நரபலியும் இடுகிறார்கள். உருவ வழிபாட்டையே மறுக்கும் நமக்கும் அதற்கும் எட்டாத தொலைவு. ஆகவே லூயிஸ் இஸ்லாத்தைத் தாக்கினார் என்று கூச்சலிடுவது அறியாமை. அவர் செய்தது வேறு. ஆயிரத்தோர் இரவுகளின் உடைப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த அங்கியையும் பாகையையும் எடுத்து, தாம் படைத்த கொடியோருக்கு அணிவித்துவிட்டார். சமயம் நம்முடையதன்று, உடை நம்முடையது. கேட்டும் பேசியும் தீர்க்கக்கூடிய சமயப் பிழையை விட, கண்ணில் பட்டவுடன் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் உடைப் பிழை கொடியது.

லூயிஸுக்கும் நீதி செய்ய வேண்டும். எதிரணி வீரனுக்குத் தம் படைப்போர் நூல்களில் நம் புலவர்கள் எப்போதும் நீதி வழங்கினார்கள் என்று சொல்ல நாம் துணியமாட்டோம். லூயிஸ் ஓரளவேனும் வழங்கினார். 'குதிரையும் அதன் சிறுவனும்' நூலின் மிகச் சிறந்த பாத்திரம் யார்? குதிரை பிரீ அன்று. வடநாட்டு இரத்தம் ஓடும் சிறுவன் ஷாஸ்தாவும் அல்லன். கலோர்மென் பிரபுவின் மகள் அராவிஸ்தான். அவளை ஒரு முதிய அமைச்சருக்கு மணமுடிக்கத் தந்தை முடிவு செய்கிறார். அவளோ கவசம் அணிந்து, குதிரை ஏறித் தப்பி விடுகிறாள். அஞ்சாதவள், வாக்குத் தவறாதவள், கொஞ்சம் செருக்குப் பிடித்தவளுங்கூட. தப்புவதற்காகத் தன் பணிப்பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு வருகிறாள். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று ஷாஸ்தா கேட்க, அடிபட்டிருப்பாள், அதில் தனக்கு மகிழ்ச்சியே என்கிறாள். பின்னொரு நாள் சிங்கம் துரத்தி வந்து அவள் முதுகைக் கீறுகிறது. பணிப்பெண் பட்ட அடிக்கு அடி, வலிக்கு வலி, அந்தக் கீறல்கள் ஈடு என்று பிறகு தெரிய வருகிறது. கலோர்மென் நாட்டு அடிமைப் பெண் ஒருத்தியின் முதுகுக்கும் பிரபு மகளின் முதுகுக்கும் ஒரே தராசு. இதைவிடத் தெளிவாக எந்தச் சிறுவர் நூல் நீதியைச் சொல்லியிருக்கிறது?

இன்னொன்றும் சொல்லலாம். கலோர்மென் நாட்டில் கதை சொல்வதை ஒரு கல்வியாகவே கற்பிக்கிறார்கள் என்றும், ஆங்கிலப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்பிப்பதைவிட அது மேல், ஏனெனில் கட்டுரைகளை எவரும் விரும்பிப் படிப்பதில்லை என்றும் லூயிஸ் குறும்பாகச் சொல்லிவைத்தார். கட்டுரை ஏட்டில் எழுதும் நாம் அந்தக் குத்தலைப் பொறுத்துக்கொள்கிறோம்.

'இறுதிப் போர்' நூலில் எமெத் என்னும் இளம் கலோர்மென் வீரன் வருகிறான். எபிரேய மொழியில் அப்பெயருக்கு வாய்மை என்பது பொருள். தாஷையே வாழ்நாள் முழுவதும் உண்மையோடு தேடிய அவனைச் சிங்கம் தள்ளிவிடவில்லை. அவன் நல்லெண்ணத்தோடு செய்ததெல்லாம் தனக்குச் செய்ததே என்று ஏற்றுக்கொள்கிறது. லூயிஸின் சமயத்தாரிலேயே பலர் இந்தப் பக்கத்தைக் கண்டு முகம் சுளித்தார்கள். அராவிஸும் எமெத்தும் அந்த நூல்களுக்குள்ளேயே இருக்கும் மருந்து. நஞ்சும் மருந்தும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. படமெடுப்பவர் கை எதன்மேல் விழும் என்பதே கேள்வி.

இனித் திரைப்படங்களுக்கு வருவோம். தம் கதைகளில் மனிதர் வேடமிட்டு விலங்குகளாக நடிப்பதை லூயிஸ் அடியோடு வெறுத்தார். 1959 டிசம்பரில் பி.பி.சி. வானொலித் தயாரிப்பாளர் ஒருவருக்கு எழுதிய மடலில், தொலைக்காட்சிக்கு இக்கதைகளைத் தருவதைத் திட்டவட்டமாக மறுத்தார். எழுத்தில் கண்ணியமாகத் தோன்றும் பேசும் விலங்குகள் கண்முன் வந்தால் கோமாளித்தனமாகவோ கொடுங்கனவாகவோ ஆகிவிடும் என்பது அவர் கருத்து. சித்திரப்படமாக எடுத்தால் ஒருவேளை ஏற்கலாம், ஆனால் டிஸ்னியின் மேதைமையில் மலிவும் கலந்திருக்கிறதே என்றும் வருந்தினார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: 2005இல் முதல் பெரும் படத்தை வால்டன் மீடியாவோடு சேர்ந்து வெளியிட்டது அதே டிஸ்னி நிறுவனம்! கணினி செய்த சிங்கம் கண்ணியமாகவே நடந்து வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். லூயிஸ் அஞ்சிய இடத்தில் தொழில்நுட்பம் வென்றது. அவர் அஞ்சாத இடத்தில்தான் வணிகம் கை வைத்தது.

முதல் படம் உலகெங்கும் ஏறத்தாழ 74 கோடி டாலர் வசூலித்தது. 2008இல் வந்த 'இளவரசர் காஸ்பியன்' சுமார் 42 கோடி. 42 கோடி டாலர் என்பது ஒரு சிறு நாட்டின் கருவூலம் போன்றது, ஆயினும் போதவில்லையாம். அந்த ஆண்டு முடிவதற்குள் டிஸ்னி விலகிக்கொண்டது. ஃபாக்ஸ் நிறுவனம் கைகொடுக்க, 2010இல் 'டான் ட்ரெடர் கப்பலின் பயணம்' வந்தது. அதுவும் ஏறக்குறைய அதே வசூல். அத்தோடு கப்பல் கரையில் நின்றுவிட்டது. 'வெள்ளி நாற்காலி' படத்துக்கு இயக்குநர் பெயர் வரை அறிவித்தும் படம் வரவில்லை. ஏழு படிகள் கொண்ட ஏணியில் மூன்று படி ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டார்கள். பி.பி.சி. 1988 முதல் 1990 வரை எடுத்த தொடர்கூட நான்கு நூல்களோடு நின்றது. ஆக, 'குதிரையும் அதன் சிறுவனும்' நூலைப் பெரிய திரையும் கண்டதில்லை, பி.பி.சி. தொடரும் தொட்டதில்லை.

எடுத்த படங்களில் மூல நூலுக்கு என்ன மரியாதை கிடைத்தது? 'இளவரசர் காஸ்பியன்' நூலில் பகைவன் கோட்டையை இரவில் தாக்கும் போர் கிடையாது. படத்தில் அது நீண்டு கிடக்கிறது. சூசனுக்கும் காஸ்பியனுக்கும் காதல் என்பது நூலில் மருந்துக்கும் இல்லை; படத்தில் முத்தத்தோடு முடிகிறது. 'டான் ட்ரெடர்' நூல் தீவு தீவாகச் செல்லும் கடற்பயணம். அதற்குப் பொதுப் பகைவன் என்று ஒருவன் இல்லை. பகைவன் இல்லாமல் படம் ஓடாது என்று பச்சை மூடுபனி ஒன்றைப் படைத்து, அதை வெல்ல ஏழு வாள்களைத் தேடியெடுக்கும் வேலையையும் சேர்த்தார்கள். நூலில் தனித்தீவுகளின் அடிமைச் சந்தையில் வாங்க வந்து நிற்போர் கலோர்மென் வணிகர். படத்தில் அடிமைகள் பச்சை மூடுபனிக்குப் பலியாகிறார்கள். மாற்ற வேண்டும் என்று மனம் வைத்தால் எதையும் மாற்றலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அவர்கள் மாற்றியவற்றுள் ஒன்று நம்மை உறுத்துகிறது. 'இளவரசர் காஸ்பியன்' கதையில் நார்னியாவை அடக்கியாளும் தெல்மார் இனத்தார், நம் உலகத்துக் கடற்கொள்ளையரின் வழிவந்தவர்கள். அவர்கள் பேச்சில் வேற்று ஒலி இருப்பதாக நூல் கூறவில்லை. படத்திலோ அவர்களுக்கு ஸ்பானிய வாடை வீசும் ஆங்கிலம் கொடுக்கப்பட்டது. கொடுங்கோலன் மிராஸாக இத்தாலிய நடிகர் வந்தார். ஆங்கிலேயரான காஸ்பியன் நடிகர்கூட அந்த ஒலியைப் பழகிப் பேசினார். நல்ல குழந்தைகள் தூய ஆங்கிலம் பேச, பகைவர் கூட்டம் மத்தியதரைக் கடல் ஒலியில் பேசியது. நூல் கேட்காதபோதே பகைவனுக்கு அயல்நாட்டு நாக்கை ஒட்டவைத்தவர்கள், நூலே தலைப்பாகையை எடுத்துக் கொடுக்கும்போது சும்மா இருப்பார்களா?

இது நார்னியாவோடு நிற்கும் நோயும் அன்று. டோல்கீனின் மோதிரக் கதையில், போரில் வீழ்ந்த தென்னாட்டு வீரன் ஒருவன் உடலைக் காணும் சாம், இவன் உண்மையிலேயே தீயவன்தானா, எந்தப் பொய்யை நம்பி வீட்டைவிட்டு வந்தானோ என்று எண்ணி நெகிழும் இடம் உண்டு. 2002இல் வந்த 'இரு கோபுரங்கள்' படத்தில், முகம் மூடி, நீண்ட ஆடை அணிந்து, யானை மீதேறி வரும் தென்னாட்டார் திரையரங்கில் தோன்றினார்கள். அந்த நெகிழ்ச்சியோ, வேறொரு பாத்திரத்தின் வாய்மொழியாக, பிற்பாடு வெளிவந்த நீண்ட பதிப்பில்தான் இடம்பெற்றது. யானைக்கு அரங்கில் இடம் இருந்தது, இரக்கத்துக்கு இல்லை. இதற்கு நேர்மாறான அநீதி உர்சுலா லெ குவின் அம்மையாருக்கு நேர்ந்தது. எர்த்சீ நூல்களில் அவர் தம் நாயகனைச் செம்பழுப்பு நிறத்தவனாக, வேண்டுமென்றே படைத்தார். 2004இல் வந்த தொலைக்காட்சிப் படம் அவனை வெள்ளையனாக்கிவிட்டது. அம்மையார் வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். கருநிறத்தான் நாயகன் என்றால் வெளுக்கச் செய்வார்கள். பகைவன் என்றால் அந்நிறத்தில் கைவைக்க மாட்டார்கள்! மூல நூலின்மேல் உள்ள பக்தி எங்கே போயிற்று?

இதை இப்போது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2018இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஏழு நூல்களுக்கும் சேர்த்து உரிமை பெற்றது. கிரெட்டா கெர்விக் அம்மையார் இயக்குநராக அமர்ந்தார். அவர் முதலில் எடுத்துக்கொண்டது 'மந்திரவாதியின் மருமகன்'. (ஆங்கிலத்தில் அண்ணன் மகனா அக்கா மகனா என்று விளங்காத அந்தச் சொல், கதைப்படி உடன்பிறந்தாள் மகனையே குறிப்பதால், தமிழில் மருமகன் என்று தெளிவாகிவிடுகிறது.) வெளிவந்த வரிசையில் அந்நூல் ஆறாவது; கதை நடக்கும் கால வரிசையில் முதலாவது. கால வரிசையை அவர்கள் பின்பற்றினால் மூன்றாவதாக வந்து நிற்பது 'குதிரையும் அதன் சிறுவனும்'. இதுவரை வரிசையின் பின்னே மறைந்திருந்த நூல், வாயிலுக்கு அருகே வந்துவிட்டது.

வாயிலில் நிற்பவர்கள் மூன்று விதம். ஒரு சாரார், இந்நூலை ஓசையின்றித் தாண்டிவிடுங்கள் என்கிறார்கள். நமக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு அவர்கள் அராவிஸைக் கொல்கிறார்கள். கருத்த முகமுடைய ஒரே வீரப் பெண்ணை நீக்கிவிட்டு, வெள்ளை முகங்களை மட்டும் ஆறு படங்களில் உலவ விடுவது என்ன மரியாதை? இரண்டாம் சாரார் நம்மவர். அவர்கள் நூலையே வீட்டுக்குள் விடாதே என்கிறார்கள். அவர்களின் மனவேதனை நமக்குப் புரிகிறது, வழிதான் புரியவில்லை. பூட்டிய அலமாரியைத் திறந்து பார்ப்பதைப் போல் பிள்ளைக்கு இனிக்கும் வேலை வேறில்லை என்பதைச் சொல்லித் தொடங்குவதே இந்த நார்னியாக் கதைதான். மூன்றாம் சாரார் மூல நூலின் காவலர்கள். ஒரு முடிச்சும் அவிழாமல் தலைப்பாகை வர வேண்டும் என்பவர்கள். முத்தம் வந்தபோது இவர்களில் சிலர் முணுமுணுத்தது உண்மை. ஆனால் முத்தத்தால் எந்தச் சிறுவனும் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாகவில்லை.

நாம் கேட்பது மிகச் சிறிது. ஏழு வாள்களைச் சேர்க்க உங்களுக்கு உரிமை இருந்தால், ஒரு தலைப்பாகையை மாற்றவும் உரிமை உண்டு. கலோர்மென் என்பது எந்த வரைபடத்திலும் இல்லாத நாடு. அதன் மக்களுக்கு எந்த வரைபடத்திலும் இல்லாத உடையைத் தைத்துக் கொடுங்கள். ஆடை வடிவமைப்பாளருக்குக் கூலி கொடுக்கத்தானே போகிறீர்கள்! அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கட்டடக் கலையையும் ஒரு பேச்சொலியையும் படைத்துக் கொடுங்கள். கொடுங்கோன்மை இருக்கட்டும், அடிமைச் சந்தை இருக்கட்டும். அவற்றை நியாயப்படுத்த நாம் வரவில்லை. கதை தொடங்க வேண்டியது அராவிஸ் குதிரையேறும் இரவிலிருந்து. பணிப்பெண்ணின் சவுக்கடியும் அதற்கு ஈடான கீறலும் வெட்டுமேசையில் விழாமல் இருக்க வேண்டும். கடைசி நூல் வரை போவதாக இருந்தால் எமெத் அரங்கத்துக்கே வரட்டும். நீண்ட பதிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவும் நடக்குமா என்றால், நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நாம் பெரிதாக நம்பவில்லை. கல்லாப்பெட்டியின் ஓசை குறைந்தால் நடுவழியில் இறங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். பிலிப் புல்மனின் மூன்று நூல்களுள் முதலாவதை 2007இல் படமாக்கியவர்கள், அதன் துயரமான இறுதி அத்தியாயங்களை அடுத்த படத்துக்கு என்று ஒதுக்கிவைத்தார்கள். அடுத்த படம் வரவே இல்லை. அப்படி ஒதுக்கிவைக்கப்படக் கூடாத பக்கம் ஒன்று 'குதிரையும் அதன் சிறுவனும்' நூலின் இறுதியில் இருக்கிறது. படையெடுத்து வந்த கலோர்மென் இளவரசன் ரபதாஷ் எல்லோர் முன்னிலையிலும் கழுதையாகிறான். அவன் மனித உருவை மீண்டும் பெற்ற பிறகு, தாஷின் கோயிலை விட்டுப் பத்து மைலுக்கு அப்பால் சென்றால் நிலையாகக் கழுதையாகிவிடுவான் என்ற நிபந்தனையால் போருக்கே போகாமல் அமைதியாக ஆள்கிறான். அந்தக் காட்சியை விடமாட்டார்கள், சிரிப்பு விற்கும். அதற்குச் சில வரிகள் தள்ளி, ஆர்ச்சென்லாந்து நாட்டு இளவரசனை மணந்த அராவிஸ் அரசியாகிறாள் என்றும், அந்நாட்டு அரசர்களிலேயே பெரும்புகழ் பெற்ற ராம் அவள் வயிற்றில் பிறந்தான் என்றும் லூயிஸ் எழுதியிருக்கிறார். கலோர்மென் தாயின் மகன் வடநாட்டு அரியணையில் அமரும் காட்சியையும் நாம் திரையில் பார்க்க வேண்டும்.